தோட்டத்துச் சுடுகாட்டில் மூதாதையரைத் தேட: ஆட்களா, ஆவணங்களா, வரைபடமா?

கொள்ளுத்தாத்தா எந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார் என்பது வரைக்கும் தெரியும். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பூச்சோங் என்று கோலாலம்பூர்ப் பக்கம் வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்ட பல தமிழ்க் குடும்பங்களின் நிலை இதுதான். தேடிப் பார்ப்போம் என்று ஒருவர் கிளம்பினால், எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. கையில் இருப்பது சனி ஞாயிறு மட்டும். வீட்டில் பாதிப் பேர் உதவுவார்கள், மீதிப் பேர் "இப்போ எதுக்கு இதெல்லாம்" என்பார்கள்.

வழிகள் நான்கு இருக்கின்றன. வயதானவர்களைத் தேடிப் போய்க் கேட்பது, பதிவேடுகளைத் துழாவுவது, பழைய வரைபடமும் செயற்கைக்கோள் படமும் பார்ப்பது, நேராகத் தோட்டத்துக்குள் நடந்து பார்ப்பது. கடைசியில் நான்கும் தேவைப்படலாம். ஆனால் வரிசை முக்கியம். எது முதலில் அழிந்துபோகுமோ அதை முதலில் தேடுங்கள் என்பதுதான் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கோப்பு பத்து வருடம் கழித்தும் அதே இடத்தில் இருக்கும். எண்பத்தைந்து வயதுப் பெரியம்மா இருக்க மாட்டார்.

தோட்டத்துச் சமாதிகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் மறைகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன் பிறகும் கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது நடந்தது. 1938இல் இந்திய அரசு தடை போட்ட பிறகே நின்றது. அந்தக் காலத்தில் வந்தவர்களில் ஏராளமானோர் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தார்கள். தோட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம், அதில் ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல் அல்லது பலகை, சில மேடுகளில் ஓர் அரளிச் செடி. பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பலகையைக் கரையான் தின்றுவிடும். மேடு மழையில் கரைந்துவிடும். அப்புறம் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டார்கள். செம்பனையையும் ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். ஒவ்வொரு மறுநடவிலும் கனரக இயந்திரங்கள் உள்ளே வருகின்றன. சுடுகாட்டின் எல்லை தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லையென்றால் அது அந்த மழைக்காலத்தோடு போயிற்று.

ஆட்களிடம் போவது

தோட்டத்தின் பெயர் தெரிந்திருந்தால், சந்தேகமே வேண்டாம், முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

இன்று தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போனால் நம்மவர்களைப் பார்ப்பது அரிது. அங்கே இப்போது இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். பழைய ஆட்கள் பக்கத்துப் பட்டணத்தின் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்), மலிவுவிலை வீடுகளில் இருப்பார்கள். அவர்களைப் பிடிக்க இரண்டு நல்ல வாசல்கள் உண்டு. ஒன்று தோட்டத்துக் கோயில். தோட்டமே காலியான பிறகும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர் விட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் போக முடியும் என்றால், அந்த நாளில் போங்கள். இன்னொன்று தமிழ்ப்பள்ளி. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பட்டணத்துக்கு இடம் மாறிய பிறகும் அவற்றில் பல பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பழைய சேர்க்கைப் பதிவேட்டில் மாணவர் பெயரோடு தகப்பன் பெயரும் இருக்கும். முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றும் பெரும்பாலும் இருக்கும்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. "எங்க தாத்தா சமாதி எங்க?" என்று கேட்டால் "தெரியாதுப்பா" என்றுதான் பதில் வரும். எழுபது வருடத்துக்கு முன் இறந்தவரின் மேட்டை யார் நினைவு வைத்திருக்க முடியும்? கேள்வியை உடைக்க வேண்டும். பாடையை எந்த லயத்துப் பக்கமாகத் தூக்கிப் போவார்கள்? வழியில் ஆறு, ஓடை எதையாவது தாண்டுவார்களா? எந்த இடத்தில் பாடையை இறக்கித் தலைமாடு கால்மாடு மாற்றுவார்கள்? பெரியவர்களை ஒரு பக்கமும் குழந்தைகளை வேறு பக்கமும் புதைத்தார்களா? இப்படிக் கேட்கும்போது மனிதர்கள் பேசத் தொடங்குகிறார்கள். அந்த வழியில் அவர்களே பல தடவை நடந்திருப்பார்கள்.

பெண்களிடம் ஒன்று கேட்க வேண்டும், ஆண்களிடம் வேறொன்று கேட்க வேண்டும். நம் வழக்கத்தில் பெண்கள் பெரும்பாலும் சுடுகாட்டுக்குப் போகமாட்டார்கள். ஆனால் எந்த மாதம் இறந்தார், என்ன நோய், அப்போது எந்தப் பிள்ளை கைக்குழந்தை, கருமாதிக்கு யார் யார் வந்தார்கள் என்பது பாட்டிமார்களுக்குத் துல்லியமாக நினைவிருக்கும். காலத்தை அவர்கள்தான் சொல்வார்கள். இடத்தைச் சொல்லக்கூடியவர்கள் குழி வெட்டியவர்களும் பறை அடித்தவர்களும்தான். ஒவ்வொரு சாவுக்கும் அங்கே போனவர்கள் அவர்கள். மேற்பார்வையாளரான மண்டோர் வீட்டையும் கணக்கரான கிராணி வீட்டையும் தேடிப் போகிறவர்கள் இவர்களுடைய குடும்பங்களைத் தேடிப் போவதில்லை. அங்கே கேட்காமல் வந்துவிட்டால் தேடல் பாதியில் நின்றதாகத்தான் அர்த்தம்.

அனுமதி கேட்டுவிட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். உடம்புக்கு முடியும் என்றால் அந்தப் பெரியவரைக் காரில் ஏற்றி இடத்துக்கே கூட்டிப்போங்கள். செம்பனைக்குள் எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும், ரப்பர் காலத்து அடையாளம் ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனாலும் குன்று, ஓடை, கோயில், துரை பங்களா, பழைய ரப்பர் ஸ்டோர் ஆகியவை இருந்த இடம் தெரிந்தால் மனக்கண்ணில் பழைய பாதை வந்துவிடும்.

இந்த வழியின் குறையும் தெளிவு. ஞாபகம் தவறும். இரண்டு பேர் இரண்டு இடம் சொல்வார்கள். அதற்குத்தான் மற்ற வழிகள்.

ஆவணங்களிடம் போவது

தோட்டத்தின் பெயரே தெரியாதவர்களுக்கு இது முதல் வழி. மற்றவர்களுக்கு இரண்டாவது.

இறப்புப் பதிவு இருந்தால் அதில் பெயர், வயது, இறந்த இடம், காரணம், தகவல் சொன்னவர் ஆகியவை இருக்கும். தேசியப் பதிவிலாகாவில் இறப்புப் பதிவின் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டைப் பதிவு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின்போது பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலத்தில், 1948இல்தான் தொடங்கியது. அதற்கு முன் இறந்தவருக்கு எண் எதுவும் கிடையாது, பெயரையும் ஊரையும் ஆண்டையும் வைத்துத்தான் தேட வேண்டும். அங்கேதான் சிக்கல். தாத்தா வாயால் சொன்ன பெயரைக் கிராணி தன் காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பார். ஒரே ராமசாமி நான்கு எழுத்துக்கூட்டலில் இருப்பார். முனியம்மா மினியம்மா ஆகியிருப்பார். எல்லா வடிவத்தையும் முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஊர்ப்பெயர்களும் மாறியிருக்கின்றன. போர்ட் சுவெட்டன்ஹாம் இன்று போர்ட் கிள்ளான், பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா, தெலுக் ஆன்சன் இன்று தெலுக் இந்தான்.

இறந்த இடம் என்று ஓர் ஆஸ்பத்திரி பெயர் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பல தோட்டங்கள் சேர்ந்து ஒரு குரூப் ஆஸ்பத்திரி வைத்திருந்தன. அங்கே இறந்தவரைச் சில சமயம் சொந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவராமல் ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சுடுகாட்டிலேயே புதைத்துவிடுவார்கள். சொந்தத் தோட்டத்தையே சுற்றிச் சுற்றி வருகிறவர்களுக்கு இது ஒரு முக்கியமான திருப்பம்.

கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலீமில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்போடு போகிறவர்கள் உண்டு. சிலாங்கூர் செக்ரட்டேரியட் கோப்புகள், தொழிலாளர் இலாகா அறிக்கைகள் என்று அங்கே பொக்கிஷம்போல் நிறைய இருக்கின்றன. ஆனால் அவை தோட்டத்தைப் பற்றிப் பேசும், உங்கள் தாத்தாவைப் பெயர் சொல்லிப் பேசுவது அரிது. மொரீஷியஸ், பிஜி போன்ற இடங்களுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஆளுக்கொரு பதிவு இன்றும் இருக்கிறது. கங்காணியோடு மலாயாவுக்கு வந்தவர்களுக்கு அப்படி முழுமையான பதிவு நமக்குக் கிடைக்கவில்லை. எனவே காப்பகத்தில் வேறொன்றைத் தேடுங்கள்: இந்துச் சுடுகாட்டுக்கு நிலம் ஒதுக்கக் கேட்ட விண்ணப்பங்கள். அரசாங்கம் ஒதுக்கிய நிலமா, தோட்டக் கம்பெனியின் சொந்தப் பட்டாவுக்குள் இருந்த துண்டா என்பதைப் பொறுத்து அந்தச் சுடுகாட்டின் தலையெழுத்தே மாறுகிறது. முன்னது பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த வழி நம்மில் மற்றவர்களைவிட நன்றாகவே வேலை செய்யும். அடக்கப் பதிவேட்டைத் தேவாலயங்கள் தொடர்ந்து எழுதி வந்திருக்கின்றன. கத்தோலிக்கர் என்றால் புடு புனித அந்தோணியார் ஆலயம் போன்ற பழைய தமிழ்ப் பங்குகளில் முதலில் கேளுங்கள். ஞானஸ்நானப் பதிவில் சில நேரம் தமிழ்நாட்டுச் சொந்த ஊரே கிடைத்துவிடும். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் நிர்வாகம்தான் வாசல்.

தோட்டம் இன்று யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் ஆவண வேலையே. 1950களிலும் 60களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சிறு முதலாளிகளுக்கு விற்கப்பட்டன. அதற்கு மாற்றாகத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். பெரிய கம்பெனிகளின் கதை வேறு. கத்ரி கம்பெனி 1981இல் லண்டன் பங்குச் சந்தையில் மலேசியர் கைக்கு வந்தது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. அந்தத் தோட்டப் பிரிவு 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆக, பாட்டி "கத்ரி தோட்டம்" என்றோ "கோல்டன் ஹோப்" என்றோ சொன்னால், நிலம் விற்கப்படாத வரைக்கும் நீங்கள் கடிதம் எழுத வேண்டிய இடம் ஒன்றுதான். சந்தேகம் என்றால் நில அலுவலகத்தில் பட்டாத் தேடல் செய்து பாருங்கள்.

வரைபடமும் செயற்கைக்கோளும்

வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால் இளையவர்களுக்கு இது பிடிக்கிறது. தனியாக இதை மட்டும் நம்பினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் செம்பனை ஓலைக்குக் கீழே மண்மேடு தெரியாது. பெரியவர் சொன்னதைச் சரிபார்க்க மட்டும் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வந்த பழைய மலாயா வரைபடங்களில் தோட்டத்தின் பெயர், பாதை, ஓடை எல்லாம் இருக்கும். அதை இன்றைய படத்தோடு வைத்துப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் செம்பனை கோடு போட்டதுபோல வரிசையாக இருக்கும். அந்த வரிசை திடீரென்று உடைந்து, ஒழுங்கில்லாத மரக்கூட்டம் ஒன்று நடுவில் நின்றால் அங்கே நட முடியாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சதுப்பாக இருக்கலாம், பாறையாக இருக்கலாம், கோயிலாகவோ சுடுகாடாகவோ இருக்கலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களுக்குப் பின்னோக்கிப் போய், மறுநடவு நடந்த வருடத்தைப் பிடியுங்கள். சுற்றிலும் செம்மண்ணாக வெட்டவெளியாய்க் கிடக்கும்போது தொடாமல் விட்ட அந்தத் துண்டு பச்சையாகத் தனித்து நிற்கும்.

சில தேடல்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். பெராங் புசார் தோட்டம் இன்று புத்ராஜெயா. சீபீல்ட் தோட்டத்தின் பெரும்பகுதி சுபாங் ஜெயா. புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கான அரங்கம் எழுந்தது. இப்படிப்பட்ட இடங்களில் காட்டுக்குள் நடப்பதில் பயனில்லை. சமாதிகள் மாற்றப்பட்டனவா, எங்கே என்று அந்தத் தோட்டத்து மக்கள் குடியேறிய இடத்தில்தான் கேட்க வேண்டும். பெராங் புசார்க்காரர்களையும் அதை ஒட்டிய தோட்டத்துக்காரர்களையும் டிங்கில் தாமான் பெர்மாத்தாவில் பார்க்கலாம்.

நேராகப் போய் நடப்பது

இதை முதல் வேலையாக யாருக்கும் சொல்லமாட்டேன். போவதென்றால் தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். பாதுகாவலர் சாவடியில் தடுத்தால் வாக்குவாதம் வேண்டாம், மேனேஜருக்கு முன்பே எழுதிய கடிதத்தின் நகலைக் காட்டுங்கள். ரப்பர் பூட்ஸ், தண்ணீர், முழுக்கைச் சட்டை, குறைந்தது மூன்று பேர். நல்லபாம்பும் குளவிக்கூடும் நிஜமான ஆபத்து. உள்ளே கைபேசிக்கு லைன் கிடைக்காத இடங்கள் உண்டு. பழைய ஆள் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து வழிகாட்டச் சொல்வது நல்ல செலவு. "நானே கண்டுபிடித்துத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்பவரிடம் போக வேண்டாம்.

கோயிலில் குறி கேட்டு இடம் அறிகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் குறியை மட்டும் வைத்து ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்துச் சிமெண்டு பூசிப் பெயர் பொறித்துவிடாதீர்கள். அது இன்னொருவரின் அம்மாவாக இருக்கலாம். அவர்களுடைய பிள்ளைகளும் ஒரு நாள் தேடி வரலாம்.

தோட்டத்தில் இல்லாதவர்கள்

எல்லாம் செய்தும் தடயம் இல்லை என்றால் இரண்டு இடங்களை யோசித்துப் பாருங்கள். தொழுநோய் வந்தவர்களைத் தோட்டத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு கோலாலம்பூருக்கு மிக அருகில் இருக்கிறது, அங்கே சொந்தச் சுடுகாடும் உண்டு. வீட்டில் "எங்கேயோ போய்விட்டார்" என்று மட்டும் சொல்லி மூடிவைத்த பெயர்கள் சில அங்கே கிடைக்கக்கூடும். வெட்கத்தோடு மறைத்த கதை என்பதால் பெரியவர்களிடம் மென்மையாகக் கேளுங்கள்.

இன்னொன்று சயாம் மரண ரயில் பாதை. 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் வரிசையாகப் பெயரோடு இருப்பவர்கள் நேசநாட்டுப் போர்க்கைதிகள். நம் தொழிலாளர்களுக்குத் தனிச் சமாதி கிடையாது. அந்தக் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றே: இடத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டுப் பெயரைத் தேடுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து, யாரோடு, எப்போது போனார் என்பதை எழுதி வையுங்கள். ஆடி அமாவாசையிலோ தீபாவளிக்கு முந்தைய படையலிலோ அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

கிடைத்த பிறகு

சமாதி கிடைத்தால் அங்கேயே விட்டுச் சுத்தம் செய்துவருவதா, சிமெண்டில் கட்டுவதா, எலும்பை எடுத்து நகரத்துக்குக் கொண்டுவருவதா என்று அடுத்த விவாதம் தொடங்கும். அங்கேயே விடுவதுதான் என் தேர்வு. பக்கத்தில் கிடப்பவர்கள் அவரோடு ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள். ஒரு சின்னக் கருங்கல்லில் பெயரும் தெரிந்த ஆண்டும் போதும். தோண்டி எடுப்பதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், இந்த ஈர மண்ணில் எண்பது வருடத்துக்குப் பிறகு என்ன மிச்சமிருக்கும் என்ற கேள்வி இருக்கிறது. நிலம் வீட்டுமனையாகப் போகிறது, நிறுத்த வழியில்லை என்ற நிலையில் ஒரு பிடிமண் எடுத்துக் கடலில் கரைத்துச் சடங்கை முடிக்கலாம். நம் குலசாமிகளே பிடிமண்ணாகத்தானே ஊர் மாறி வந்திருக்கின்றன.

எந்த மேடு என்று தெரியாமல் சுடுகாடு மட்டும் தெரிந்தால், அதன் வாசலில் எல்லோருக்குமாகச் சேர்த்துப் படையல் போடுங்கள். என்னைக் கேட்டால் இதில் குறை ஒன்றும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான வேலை தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். சுடுகாட்டின் நான்கு மூலைகளின் ஜிபிஎஸ் அளவு, படங்கள், அங்கே புதைக்கப்பட்டதாகத் தெரிந்த பெயர்கள், சாட்சி சொன்ன பெரியவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் அதில் சேர்த்து, அடுத்த மறுநடவு வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துவைக்கும்படி கேளுங்கள். நகலை மாவட்ட அலுவலகத்துக்கும் தோட்டத்துக் கோயில் நிர்வாகத்துக்கும் அனுப்புங்கள். மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதியவர் வந்ததும் அதே கடிதத்தை மறுபடியும் அனுப்புங்கள்.